ஏப்ரல் ராஜா... செப்டம்பர் கூஜா!

செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் கிளாஸில் எல்லாருக்கும் ஒரே ரேங்க்தான். புது நோட்டு, புது பேனா, 'இந்த வாட்டி டிஸ்டிங்ஷன்தான்டா மச்சி!' என்று ஒரு சபதம். முதல் இன்டர்னல் பேப்பர் கைக்கு வந்த பிறகுதானே கதை கந்தலாகும்? அமெரிக்க பேஸ்பால் உலகத்தில் அந்த முதல் இன்டர்னலுக்கு இன்னொரு பெயர்... ஏப்ரல்!

மார்ச் கடைசியில் சீசன் ஆரம்பம். அமெரிக்காவில் 29, கனடாவில் ஒன்று என மொத்தம் 30 டீம். முதல் நாள் காலையில் முப்பதுக்கும் பூஜ்யம் வெற்றி, பூஜ்யம் தோல்வி. முப்பது ஊர் ரசிகர்களும் புதுத் தொப்பி மாட்டிக்கொண்டு, 'கப்பு நமக்குத்தான்' என்று அடித்துச் சொல்வார்கள். மூணே வாரம்தான். பாதி ஊரில் 'மேனேஜரை மாத்து!' என்று கூப்பாடு. (அங்கே கோச்சுக்குப் பெயர்தான் மேனேஜர்.) மீதி ஊரில் வெற்றி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகணும் என்று பட்டிமன்றம்!

பேஸ்பால் என்றால், '2014-ல் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் மியூசிக்ல மில்லியன் டாலர் ஆர்ம்னு ஒரு படம் வந்துச்சே, அதானே?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிட கோச்சிங். ஒவ்வொரு டீமும் ஆறு மாசத்தில் 162 மேட்ச் ஆடணும். அனேகமாகத் தினமும் மேட்ச். ஒன்பது இன்னிங்ஸில் முடிவு தெரியாவிட்டால், தெரியும் வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். பந்தைப் பொளந்து எல்லைக்கு வெளியே அனுப்பினால் ஹோம் ரன், நம்ம சிக்ஸருக்கு அண்ணன். அக்டோபரில் பிளே-ஆஃப், கடைசியில் 'வேர்ல்ட் சீரிஸ்'. ரெண்டு நாட்டு டீம்கள் ஆடுற போட்டிக்கு உலகத் தொடர்னு பேரு! அவங்க ஊரு, அவங்க உலகம்... விடுங்க பாஸ்.

இந்த ஆட்டத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. எவ்வளவு பெரிய சூப்பர் டீமும் 60 மேட்ச் தோற்கும். எவ்வளவு சொதப்பல் டீமும் 60 மேட்ச் ஜெயிக்கும். பாக்கி 42-ல் என்ன கிழிக்கிறோம் என்பதுதான் சீசன். அந்த 42-ல் ஏப்ரல் மாதம் எத்தனையைக் காட்டும்? வாங்க, சில ஏப்ரல் ஜாதகங்களைப் புரட்டுவோம்.

இலவச பர்கர் தந்த டீம்!

1987, மில்வாக்கி ப்ரூயர்ஸ். சீசன் தொடங்கியதும் 13 மேட்ச், 13 வெற்றி. அந்த ஊரில் 'ஜார்ஜ் வெப்' என்கிற ஹோட்டல்காரர்கள் பல வருஷமாகவே, 'நம்ம ஊர் டீம் தொடர்ந்து 12 மேட்ச் ஜெயிச்சா எல்லாருக்கும் பர்கர் ஃப்ரீ' என்று சொல்லிவந்தார்கள். 'எங்கே நடக்கப் போவுது' என்ற தைரியம்தான்! நடந்தே விட்டது. ஈஸ்டர் ஞாயிறன்று பன்னிரண்டாவது வெற்றி வர, ஹோட்டல்காரர்கள் சொன்ன சொல் தவறாமல் கொடுத்த பர்கர்கள் 1,68,194!

ஊரே ஏப்பம் விட்டு முடிப்பதற்குள் மே மாதம் வந்தது. அதே டீம் தொடர்ந்து 12 மேட்ச் தோற்றது. சீசன் முடிவில் 91 வெற்றி, 71 தோல்வி, பிரிவில் மூன்றாவது இடம், பிளே-ஆஃப் கிடையாது. மில்வாக்கி மக்களுக்கு அந்த சீசனில் மிச்சம், பர்கர் மட்டும்தான்.

இவர்களுக்கு முன்னால் 1982-ல் அட்லாண்டா பிரேவ்ஸும் இதே 13-0. தட்டுத்தடுமாறி பிளே-ஆஃப் வரை வந்து, அங்கே ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் மூட்டை கட்டினார்கள். 2023-ல் டாம்பா பே ரேஸ் மறுபடியும் 13-0. சும்மா சொல்லக் கூடாது, இவர்கள் 99 மேட்ச் ஜெயித்தார்கள். ஆனால், பிளே-ஆஃப் முதல் சுற்றில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் ரெண்டே நாளில் காலி. ரேஞ்சர்ஸ் அப்படியே போய் உலகத் தொடரையும் தூக்கிவிட்டது. ரேஸ் தன் சொந்த ஊரில் ஆடிய அந்த முதல் பிளே-ஆஃப் மேட்ச்சைப் பார்க்க வந்தவர்கள் 19,704 பேர். இந்த நம்பரை நோட்டில் ஓரமாகக் குறித்து வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஒரு நாள் ஷாஜஹான்கள்

டீம்கள் மட்டுமா? தனிநபர் கூத்து இன்னும் ஜோர். 1994 சீசனின் முதல் நாள். சிகாகோ கப்ஸ் டீமின் டஃபி ரோட்ஸ், தான் ஆட வந்த முதல் மூன்று தடவையும் ஹோம் ரன்! பந்து வீசியது சாதாரண ஆள் இல்லை, ட்வைட் கூடன் என்கிற புலி. ஒரு மேட்ச்சுக்கு மூணுன்னா, 162 மேட்ச்சுக்கு 486... கால்குலேட்டரே கதறியிருக்கும். அந்த வருஷம் முழுக்க அவர் அடித்த ஹோம் ரன் எவ்வளவு தெரியுமா? எட்டு! போதாக்குறைக்கு, அவர் மூணு அடித்த அந்த மேட்ச்சையும் கப்ஸ் தோற்றது.

ஆனா, கதை அங்கே முடியலை. ரோட்ஸ் ஜப்பானுக்குப் போனார். 2001-ல் அங்கே ஒரே சீசனில் 55 ஹோம் ரன் அடித்து, ஜப்பானின் பேஸ்பால் சக்கரவர்த்தி சதஹாரு ஓவின் ரெக்கார்டைத் தொட்டார். 13 சீசன் ஆடி ஜப்பானில் அவர் அடித்த மொத்த ஹோம் ரன் 464. கால்குலேட்டர் சொன்ன 486-க்குக் கிட்டத்தட்ட வந்துட்டார், இல்ல? என்ன, நாடும் நாளும்தான் கொஞ்சம் மாறிப்போச்சு.

2006-ல் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன், முதல் 13 மேட்ச்சில் 9 ஹோம் ரன். நாடே திரும்பிப் பார்த்தது. ஏப்ரல் முடிவில் 10. வருஷம் முடியும்போது 16! நடுவில் ஜூலை 31-ம் தேதி, 'கொஞ்சம் போய்ப் பழகிட்டு வா தம்பி' என்று மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபைனல் இயர் பையனைத் திரும்ப ஃபர்ஸ்ட் இயர் கிளாஸில் உட்கார வைப்பது மாதிரி!

பனியில் ஒரு பேஸ்பால்

ஏப்ரல் ஏன் இப்படிக் கண்ணாமூச்சி காட்டுகிறது? முதல் காரணம், குளிர். நமக்கு ஏப்ரல் என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். அங்கே பல ஊர்களில் விரல் விறைக்கும். குளிர்க் காற்று அடர்த்தியாக இருப்பதால், கோடையில் எல்லையைத் தாண்டும் பந்து ஏப்ரலில் பாதியில் தொப்பென்று விழும். 2007-ல் கிளீவ்லேண்டில் பெய்த பனியில், ஊரின் முதல் மேட்ச் ஐந்தாவது இன்னிங்ஸோடு நின்றது. அடுத்தடுத்த நாட்களும் மைதானம் வெள்ளை வெளேர். வேறு வழியில்லாமல், அடுத்த தொடரை 'சொந்த ஊர் மேட்ச்' என்று சொல்லிக்கொண்டு மில்வாக்கியில் போய் ஆடினார்கள். அந்த மைதானத்துக்கு மூடுகிற கூரை இருந்ததுதான் காரணம். வாடகை வீட்டில் கிரகப்பிரவேசம்!

ரெண்டாவது காரணம், வெறும் கணக்கு. ஏப்ரல் கடைசியில் ஒரு டீம் 30 மேட்ச்தான் ஆடியிருக்கும். இன்னும் 130-க்கு மேல் பாக்கி. ஐந்தில் ஒரு பங்கு பரீட்சை எழுதியதுமே ரிசல்ட் ஒட்டினால் எப்படி?

2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 மேட்ச்சில் 31-ஐத் தோற்றது. 'மேனேஜரைத் தூக்கு' கச்சேரி களைகட்டியது. ஜூன் மாதம் கெரார்டோ பார்ரா என்ற வீரர், தன் ரெண்டு வயசு மகளுக்குப் பிடிக்குமே என்று 'பேபி ஷார்க்' குழந்தைப் பாட்டைத் தன் என்ட்ரி பாட்டாகப் போடச் சொன்னார். மொத்த ஸ்டேடியமும் சுறா வாய் மாதிரி கையைத் திறந்து மூடி ஆட ஆரம்பித்தது. வயசான தாத்தாக்கள் உட்பட! அந்த டீம்தான் அந்த வருஷ உலகத் தொடரை வென்றது.

ஏப்ரல் உண்மை பேசினால்?

'அப்போ முதல் இன்டர்னல்ல கோட்டை விட்டா கவலையே இல்லை'னு காலரைத் தூக்காதீங்க. சில நேரம் ஏப்ரல் அப்பட்டமாக உண்மை பேசும். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முதல் 25 மேட்ச்சில் ஜெயித்தது மூணு. 'சரியாயிடும்' என்றார்கள். ஆகலை. நடுவில் தொடர்ச்சியாக 21 தோல்வி. கடைசிக் கணக்கு 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு வேறு எந்த டீமும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. எந்தச் சொதப்பல் டீமும் 60 ஜெயிக்கும் என்று சொன்னோமே, அந்தக் கணக்கையே பொய்யாக்கிய புண்ணியவான்கள்!

இன்னொரு கதை, கொஞ்சம் வலிக்கும். 2011-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் ஆறு மேட்ச்சையும் தோற்றது. டாம்பா பே ரேஸும் தன் முதல் ஆறையும் தோற்றது. அப்புறம் ரெண்டு டீமும் எழுந்து ஓடின. செப்டம்பர் தொடக்கத்தில் ரெட் சாக்ஸ், ரேஸை விட ஒன்பது மேட்ச் முன்னிலை. அந்த ஒன்பதும் ஒரே மாசத்தில் கரைந்தது. கடைசி நாளான செப்டம்பர் 28 காலையில் ரெண்டு டீமும் 90 வெற்றி, சரிசமம். பிளே-ஆஃபில் மிச்சம் ஒரே ஒரு இடம்.

அன்று இரவு ரேஸ், நியூயார்க் யாங்கீஸிடம் ஏழு ரன் பின்தங்கிக் கிடந்தது. ரெட் சாக்ஸோ பால்டிமோரில் கடைசி இன்னிங்ஸ் வரை 3-2 முன்னிலை. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட் ஆக்கினால் போதும். அங்கிருந்து தோற்றார்கள்! அடுத்த சில நிமிடங்களில் ரேஸின் எவான் லாங்கோரியா பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடிக்க, 8-7. ரேஸ் உள்ளே. ரெட் சாக்ஸ் வெளியே.

வித்தியாசம் எவ்வளவு? ஒரே மேட்ச். ஏப்ரலில் 'சின்ன சறுக்கல்தானே' என்று விட்ட ஆறில் ஒன்றே ஒன்றை ரெட் சாக்ஸ் ஜெயித்திருந்தால், இன்னொரு மேட்ச் ஆடிப்பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கும். ஏப்ரல் தோல்விக்குத் தள்ளுபடி கிடையாது பாஸ். செப்டம்பர் தோல்விக்கு என்ன வெயிட்டோ, அதே வெயிட்.

50,402

அன்று ரெட் சாக்ஸைக் கவிழ்த்தது பால்டிமோர் ஓரியோல்ஸ். அந்த வருஷம் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த டீம். தோல்வி என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1988-ல் இவர்கள் பார்த்த ஏப்ரலை எந்த டீமும் பார்த்ததில்லை.

முதல் நாளே 12-0 தோல்வி. ஆறு மேட்ச் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டீமில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரெண்டு பேர் அவருடைய சொந்தப் பிள்ளைகள். அப்பாவின் வேலை போன பிறகும் அவர்கள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்க வேண்டியிருந்தது. புது மேனேஜர் வந்தார். அப்புறமும் தோல்வி. பத்து... பதினைந்து... இருபது... ஊர் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர், 'ஒரு மேட்ச் ஜெயிக்கிற வரைக்கும் மைக்கை விட்டு நகர மாட்டேன்' என்று சபதம் போட்டுவிட்டு, பாட்டுகளுக்கு நடுவே குட்டித் தூக்கம் போட்டபடி 258 மணி நேரம் கிடந்தார்!

21 தோல்விக்குப் பிறகு, ஏப்ரல் 29-ம் தேதி, சிகாகோவில் முதல் வெற்றி. 9-0. தோற்றது யார்? அதே ஒயிட் சாக்ஸ்! (இவர்களுடைய 21 என்கிற ரெக்கார்டைத்தான் 2024-ல் ஒயிட் சாக்ஸ் சமன் செய்தது. காலம் கணக்கை நேர் பண்ணிடுது பாருங்க.) அடுத்த ரெண்டு மேட்ச் மறுபடி தோல்வி. ஆக, ஒரு வெற்றி, 23 தோல்வி. இந்த லட்சணத்தில் மே 2-ம் தேதி சொந்த ஊர் திரும்பினார்கள்.

அழுகிய முட்டையும் கூச்சலும்தான் காத்திருக்கும் என்று நினைப்போம். ஆனால், அந்த ராத்திரி மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர்! ஜெயித்த டீமுக்கு இல்லை, 23 மேட்ச் தோற்ற டீமுக்கு. எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓரியோல்ஸ் அன்று 9-4 என்று ஜெயித்தது.

இப்போது நோட்டின் ஓரத்தில் குறித்ததைப் பாருங்கள். 99 மேட்ச் ஜெயித்த டீமுக்கு 19,704. ஒரே ஒரு மேட்ச் ஜெயித்த டீமுக்கு 50,402.

அந்த சீசன் அற்புதம் எதுவும் ஆகிவிடவில்லை. 107 தோல்வியோடு கடைசி இடம்தான். ஆனால் அடுத்த வருஷம், 1989-ல், அதே ஓரியோல்ஸ் 87 மேட்ச் ஜெயித்து, கடைசி வாரம் வரை முதல் இடத்துக்குப் போராடி, ரெண்டே மேட்ச் வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது.

ஏப்ரல் பொய் சொல்லுதா, உண்மை சொல்லுதா? ஏப்ரல்ல யாருக்கும் தெரியாது. முதல் இன்டர்னலில் நாலு மார்க் வாங்கின நம்ம ஃப்ரெண்டுக்கும் அதேதான். அவன் தேறுவானா என்று ஜோசியம் பார்ப்பதை விட்டுட்டு, நாளைக்கு கேன்டீனில் அவன் பக்கத்தில் போய் உட்காருங்க. ஐம்பதாயிரம் பேர் வேண்டாம். ஒரு டீயும், ஒரு ஆளும் போதும்!