கடலில் விளையும் நுண்பயிர்

கரியமிலவாயு பெருகுவதால் உலகம் சூடேறுகிறது, மரங்கள் அதைக் குறைக்கின்றன என்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், உலகில் ஒளிச்சேர்க்கைக்குச் செலவாகும் கரியமிலவாயுவில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்பவை மரங்களல்ல. நீரில் மிதக்கும் நுண்பாசிகள். பைட்டோபிளாங்டன் என்பது அவற்றின் பெயர். கண்ணுக்குத் தெரியா.

கோலா செப்பத்தாங்கைப் பாருங்கள். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து ஓடிய அதே போர்ட் வெல்ட்தான். அங்கே 40,000 ஹெக்டேர் பரப்புள்ள மாத்தாங் அலையாத்திக் காட்டை 1902 முதல் முறையாகப் பராமரித்து வருகிறார்கள். அதன் முன்னுள்ள சேற்றில் கெராங் வளர்க்கிறார்கள். அதற்கு யாரும் தீனி போடுவதில்லை. கடல்நீரை வடிகட்டி, நுண்பாசியைத் தின்றே அது பெருக்கிறது. பெலாச்சானுக்கு ஆகும் பொடி இறாலுக்கும் அந்தப் பாசிதான் சோறு. ஆக, நம் வீட்டுச் சம்பல் வரைக்கும் இதன் தயவு உண்டு!

பாசி வெயிலின் துணையால் நீரில் கரைந்த கரியமிலவாயுவைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. குறைந்ததை ஈடுகட்டக் கடல் மீண்டும் காற்றிலிருந்து இழுக்கிறது. பாசியைத் தின்ற உயிர்கள் மூச்சுவிடும்போது பெரும்பகுதி திரும்பிவிடும். சிறு பகுதியே சேற்றிலும் ஆழ்கடலிலும் புதையும். அந்தச் சிறு பகுதியும் புதையாவிட்டால் காற்றில் கரியமிலவாயு இன்னும் மிக அதிகமாயிருக்கும்.

அப்படியானால் கடலுக்கும் உரம் போட்டால் நல்லதுதானே என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் கரையோரத்தில் உரம் மிஞ்சினால் பாசி கண்டபடி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். சில பாசிகள் நஞ்சும் கக்கும். 1976-இல் சபாவில் அத்தகைய செங்கடல் நீர் பரவி, சிப்பி தின்றவர்களில் சிலர் உயிரிழந்தார்கள்.

கடல் நமக்குத் தூரமில்லை. ஈப்போவைக் கடந்துவரும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில் சேர்ந்து, பாகான் டத்தோ பக்கம் கடலில் விழுகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலங்களில், பெருமழைக்கு முன் வீசிய உரம் அந்த வழியே போய்விடுகிறது. காசும் நட்டம், கடலும் கெடும். உரம் போடும் நாளை முடிவு செய்வது நாமல்ல, நிர்வாகம். என்றாலும் வானம் இருட்டினால் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். வாய்க்கால் ஓரத்துப் புல்லை மருந்தடித்துக் கருக்காமல் விட்டால், ஓடிவரும் உரத்தில் கொஞ்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.