தேர்வு மணி அடித்த பிறகு கேட்டால் தாமதம்

காலை ஏழு மணிக்கு வடசென்னை மணலியில் மாநகரப் பேருந்து ஏறும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அன்றைய முதல் தேர்வு சாலையிலேயே தொடங்கிவிடும். கன்டெய்னர் டிரெய்லர்கள் வழிவிட்டால்தான் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியோ நேரத்துக்குக் கண்ணில் படும்.

அந்தப் பேருந்தில் ஊன்றுகோலோடு ஒரு மாணவர் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். அவருடைய சிரமம் கண்ணுக்குத் தெரிகிறது. பேராசிரியரின் உதட்டசைவைப் பார்த்தே பாடத்தைப் பிடிக்கும் பெண்ணும் அதே பேருந்தில் இருக்கலாம். ஒரு பத்தியைப் படித்து முடிக்க மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கும் பையன் இருக்கலாம். மருந்து மாத்திரையின் மயக்கத்தில் முதல் வகுப்பைத் தூக்கத்திலேயே இழக்கும் மாணவி இருக்கலாம். இவர்களை யாரும் கவனிப்பதில்லை. பல நேரங்களில், உதவி கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளை என்றால், சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

சட்டம் இவர்கள் எல்லோரையும் பார்க்கிறது. ஆனால் அவர்கள் வாய் திறந்து, அதிலும் காகிதத்தில் எழுதி, நேரத்தோடு கேட்டால்தான் அது கல்லூரிக்குள் வேலை செய்யும்.

ஒரு மணி நேரத்தின் விலை

2021 செப்டம்பரில் நடந்த நீட் தேர்வை எழுத்துக்குறைபாடு உள்ள ஒரு மாணவி எழுதினார். சான்றிதழ் கையில் இருந்தது. விதிப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு அந்த விதி தெரியவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாணவிக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று அதே ஆண்டு நவம்பர் 23 அன்று நீதிமன்றம் சொன்னது. அந்த அநீதியை எப்படிச் சரிசெய்வது என்று பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை.

சான்றிதழ் வைத்திருந்த, சட்டம் தெரிந்த, உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்த குடும்பத்துக்கே கதை இப்படி முடிந்தது. தேர்வு அறைக்குள் போன பிறகு கண்காணிப்பாளரிடம் கெஞ்சும் மாணவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். வேலை நடக்க வேண்டியது தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு.

யாருக்கெல்லாம் இந்த உரிமை?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது, இப்போது 21. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளோடு கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, அமில வீச்சுக்கு ஆளானோர், தொழுநோயிலிருந்து மீண்டோர், நாள்பட்ட நரம்பு நோய்கள் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. பட்டறையிலோ சாலையிலோ விபத்தில் விரல்களை இழந்து, மாலைக் கல்லூரியிலோ தொலைநிலைக் கல்வியிலோ சேர்ந்திருக்கும் இளைஞரும் இதற்குள் வரலாம்.

பலரைக் குழப்புவது நாற்பது சதவீதக் கணக்கு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும், ஐந்து ஆண்டு வயது வரம்புத் தளர்வுக்கும் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு இருக்க வேண்டும். வகுப்பிலும் தேர்விலும் தேவையான வசதியைக் கேட்க அந்த அளவுகோல் கட்டாயமில்லை. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் குறைபாடு உள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்வதை எழுதித்தரும் எழுத்தர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 40 சதவீதத்தைத் தொடாதவருக்கும், தேவை இருந்தால், எழுத்தர் உரிமை உண்டு.

என்னென்ன கேட்கலாம்?

சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் கல்லூரியை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற சுயநிதிக் கல்லூரியையும் கட்டுப்படுத்தும். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடங்களும் வசதிகளும் எட்டும்படி இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும். இந்த மூன்றாவதுதான் அன்றாடம் கைகொடுப்பது. அதில் பலவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது.

* மூன்றாம் மாடியில் நடக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது.
* முன்வரிசை இடம். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் மாணவரைப் பார்த்துப் பேசுவது.
* பாடக்குறிப்பு, ஸ்லைடு ஆகியவற்றை வகுப்புக்கு முன்பே தருவது; வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அனுமதிப்பது.
* திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாகப் புத்தகம். படமாக ஸ்கேன் செய்த பக்கம் இதற்கு உதவாது.
* செவித்திறன் குறைபாடு உள்ளவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர்.
* சிகிச்சைக்காக வராத நாள்களுக்கு வருகைப்பதிவில் சலுகை. இன்டர்னல் தேர்வுக்கு மாற்றுத் தேதி.
* தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், தனி அறை.

கூடுதல் நேரத்துக்கு ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் சொல்லும் அளவு, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். எழுத்தரை வைத்துக்கொள்ளாமல் தானே எழுதுபவரும் இதைக் கேட்கலாம். எழுத்தராக யார் வரலாம், அவர் எவ்வளவு படித்திருக்கலாம் என்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நிபந்தனை மாறும். கடைசி நேரத்தில் தம்பியைக் கூட்டிப்போய் நிற்காமல், விதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று நூலகத்தில் தயங்கினால், 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இதற்கு விலக்கு அளிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் படிக்க ஏதுவான வடிவில் நூல்கள் கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது?

சமவாய்ப்பு மையம், மாற்றுத்திறனாளிகள் பிரிவு, உதவி மையம் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். லயோலா கல்லூரியில் இதற்கென்றே தனி ஆதார மையம் உண்டு. மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குப் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. வேறு பல கல்லூரிகளில் மையம் என்பது ஒரு பேராசிரியருக்குக் கொடுத்த கூடுதல் பொறுப்பாக மட்டும் இருக்கும். அறையைத் தேடி அலைய வேண்டாம். "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பொறுப்பு யார்?" என்று முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். யாரும் இல்லை என்றால், கடிதத்தை முதல்வருக்கே எழுதுங்கள்.

தேர்வு தொடர்பானது என்றால், தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான் முடிவெடுப்பார். மற்ற கல்லூரிகளில் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், நாள் பிடிக்கும். தேர்வுக் கட்டணம் கட்டும் தேதியையே உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளது. சான்றிதழ் நகலை இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படி முன்வரிசை இடம், வகுப்புக்கு முன்பே பாடக்குறிப்பு, வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு ஆகியவற்றைச் செய்துதரக் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

நோயின் வரலாறு முழுவதையும் எழுதத் தேவையில்லை. குறைபாட்டைவிட, அதனால் எது தடைபடுகிறது, எது வேண்டும் என்பதை எழுதுங்கள். "சக மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

காகிதங்கள்: கவனிக்க வேண்டியவை

யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 2024இல் வந்த விதித் திருத்தப்படி அட்டை மூன்று நிறம்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80 முதல் நீலம்.

மணலிக்காரர்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். 2018 தொடக்கத்தில் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை இந்தப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. சின்ன வயதில் வாங்கிய பழைய அட்டையில் இன்னும் திருவள்ளூர் என்றிருந்தால், உதவித்தொகை விண்ணப்பத்தில் முகவரி இடிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பீரோவின் அடித்தட்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அட்டையையும் சான்றிதழையும் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

"சதவீதத்தை ஏற்றித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தகுதியில்லாமல் மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 91ஆம் பிரிவு.

பண உதவியும் இருக்கிறது. ஏஐசிடிஇ அங்கீகரித்த தொழில்நுட்பப் படிப்பு, டிப்ளமோ மாணவர்களுக்குச் 'சக்ஷம்' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மற்ற படிப்புகளுக்குத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் தனித் திட்டம் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் இலவசமாகப் பயணிக்கலாம்.

மறுத்தால்?

முதல் படி, கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழு. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி, புகார் கிடைத்த 15 வேலை நாள்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இரண்டாம் படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உரிமை சட்டத்தில் இருக்கிறது, கல்லூரி தரவில்லை என்று அங்கே மனு கொடுக்கலாம். சாட்சிகளை அழைக்க, ஆவணங்களைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன செய்தோம் என்பதை நிறுவனம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பலர் முன்னிலையில் குறைபாட்டைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால், பொறுப்பு அலுவலர் யார், கடந்த ஆண்டு எத்தனை பேருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தீர்கள் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பல இடங்களில் இந்தக் கேள்வியே வேலையைத் தொடங்கிவைத்துவிடும்.

மனம் தளரும்போது

அரியர் சேரச் சேர, குற்றம் தன்மேல்தான் என்று மாணவர் நினைக்கத் தொடங்குவார். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஒரு ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேளுங்கள். நள்ளிரவிலும் பேச வேண்டும்போல் இருந்தால் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கு ஒன்று. "சொன்னால் கேலி செய்வார்கள், கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும்" என்று மறைக்கச் சொல்லாதீர்கள். யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஆசிரியர்களுக்கு ஒன்று. முதல் வாரத்திலேயே "ஏதாவது வசதி வேண்டுமென்றால் தனியாக வந்து சொல்லுங்கள்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அன்று மாலையே வந்து நிற்கலாம்.

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அந்தக் கடிதத்துக்கும் சான்றிதழுக்கும் நகல் எடுக்க ஒரு டீ காசுகூட ஆகாது. முத்திரை விழுந்த அந்த நகலைப் பையில் வைத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் மணலிக்குத் திரும்புங்கள். டிரெய்லர் நெரிசல் அப்படியேதான் இருக்கும். தேர்வு அறையில் உங்களுக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இனி சாட்சி இருக்கும்.