விலாவில் பட்ட அடியும் சுருங்கிய நுரையீரலும்

பெரம்பலூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் விவசாயிகளும், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர்களும் இச்சாலைகளிலேதான் தொழிலுக்குச் சென்று வருகின்றனர். சாலை விபத்தேயன்றி, மரத்தினின்று விழுதல், மாடு முட்டுதல், டிராக்டர் கவிழ்தல் ஆகியவற்றாலும் நெஞ்சில் அடிபடுவதுண்டு. வெளியே இரத்தம் தெரியாவிடில் அதனை அற்பமென எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டின் உட்சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தினால், காற்று கசிந்து அவ்விடைவெளியில் சேர்கிறது, நுரையீரல் சுருங்குகிறது. சில வேளைகளில் அக்காயம் சைக்கிள் டியூபின் வால்வு போலாகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் காற்று புகும், வெளியேற வழியிராது. அழுத்தம் மிகுந்து, இருதயம் ஒரு புறமாகத் தள்ளப்பட்டு, அதற்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். சில நிமிஷங்களிலேயே மரணம் நேரலாம்.

இதனைக் கண்டறிய டாக்டருக்குக் கண்ணும் கையும் செவியுமே முதற்கருவிகள். மூச்சுத் திணறல், மார்பின் ஒரு பக்கம் அசைவு குன்றுதல், கழுத்து நரம்பு புடைத்தல், இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவற்றை அவர் நோக்குவார். ஸ்டெதாஸ்கோப்பில் அப்பக்கத்து மூச்சொலி கேளாது. விரலால் தட்டினால் வெற்றுப் பானை போல் ஒலிக்கும். இரத்தம் தேங்கியிருப்பின் நீர் நிறைந்த பானை போல் மந்தமாக ஒலிக்கும். தட்டிப் பார்க்கும் இம்முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர் வியன்னா நகரத்து டாக்டர் ஆவன்பிரகர். அவர் விடுதி நடத்தியவரின் மகன். மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவறியும் வழக்கத்திலிருந்தே இம்முறை அவருக்குத் தோன்றிற்று என்பர்.

அழுத்தம் மிகுந்த நிலையில் எக்ஸ்ரே படத்துக்காகக் காத்திருத்தல் தகாது. பெரியவர்களுக்கு அக்குளுக்குக் கீழே, நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில் தடித்த ஊசியைச் செலுத்தியோ, சிறு துளையிட்டோ டாக்டர் காற்றை வெளியேற்றுவார். பின்னர் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீருள்ள சீசாவில் அமிழ்த்துவார். காற்று குமிழியாக வெளிவரும், திரும்பிச் செல்லாது. அச்சீசாவை நோயாளியின் மார்புக்கு மேல் உயர்த்தலாகாது என்பதை உடனிருக்கும் உறவினர் மறவாதிருத்தல் வேண்டும்.

இச்சிகிச்சை பயிற்சி பெற்றவர்க்கே உரியது. நம் கடமை வேறு. உடனே 108க்குத் தகவல் தருக. நினைவுள்ளவர், முதுகெலும்பில் அடிபடாதவராயின், வசதியாக நிமிர்ந்து உட்காரட்டும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கற்க. மார்பை இறுகக் கட்டற்க. எண்ணெய் தேய்த்து நீவற்க. உணவும் நீரும் தரற்க. விலாவில் அடிபட்டவருக்கு மறுநாள் மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் செல்க.

செலவையும் வழக்கையும் அஞ்சித் தயங்க வேண்டுவதில்லை. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை தமிழக அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பெற்றது. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 முதல் இயங்குகிறது.

ஒருவருக்கு ஒருவர் துணை என்பதே கூட்டுறவின் அடிப்படை. அடிபட்டுச் சாலையோரம் கிடப்பவருக்கு அத்துணை சில நிமிஷங்களுக்குள் கிட்டியாக வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இச்செய்தியைத் தம் இல்லத்தாருக்கும் எடுத்துரைப்பாராக.