பங்கு பிரித்தவருக்குப் பங்கு எங்கே?

ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. மார்கழியில் ஏரி அரைகுறையாகக் கிடக்கிறது, நெல்லோ பால் பிடிக்கும் பருவம். தலைமடைக்காரர் தன் வயலை நிரப்பிவிட்டு வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடை முழுக்கப் பதராகிவிடும். அவரைத் தடுப்பது எது?

தமிழகத்தின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் பலவற்றில் இதற்கொரு ஏற்பாடு இருந்தது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எத்தனை நாழிகை, இரவு முறை யாருக்கு, எந்த வயல் இன்னும் ஒருநாள் தாங்கும் என்பதெல்லாம் வரப்பில் நடந்து நடந்தே அவருக்கு அத்துபடி.

பெரும்பாலும் அந்த ஏரி பாயும் ஆயக்கட்டில் அவருக்கு நிலம் கிடையாது. தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வயலே இல்லாதவர் அவர். கூலியும் அறுவடைக் களத்தில் ஏக்கர் கணக்கில் நெல்லாக அளக்கப்பட்டது. கடைமடை காய்ந்தால் அவர் குதிரும் காயும். எல்லா வயலும் விளைவதே அவருக்கு ஆதாயம். ஒருவருடைய பிழைப்பையே எல்லோருடைய நியாயத்துக்கும் காவலாக வைத்த இந்த ஏற்பாட்டுக்கு இணையாக நம் ஊர் நிர்வாகத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த மனிதர் யார்? பல ஊர்களில் தலித் குடும்பத்தவர். ஏரித் தண்ணீரில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஊர், குடிதண்ணீர்க் கிணற்றில் அவரை நெருங்கவிடவில்லை. நிலமில்லாததால் வந்த நடுநிலை அது. நிலமில்லாமல் வைத்ததோ சாதி. பழைய பெருமை பேசுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

பம்புசெட்டும் பிறகு இலவச மின்சாரமும் வந்தன. கிணறு வெட்ட வசதியுள்ளவர்களே முதலில் ஏரியை விட்டு விலகினார்கள். ஏரி மராமத்துக்கு வருவது நின்றது; நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதும் நின்றது. ஏரி நிறைந்தால்தான் தங்கள் கிணறும் ஊறும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. நிலத்தடி நீருக்கு மடையும் இல்லை, முறையும் இல்லை. ஆழமாகத் துளைத்தவருக்கே அது சொந்தமாகிறது.

2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. அவற்றுக்கு அடிப்படை நிலவுடைமை. ஊரே கூடி ஏரியைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கியபோதும் பேச்சு தூர்வாருவதைப் பற்றியே இருந்தது. கரையை உயர்த்தலாம், மண்ணை அள்ளலாம். வந்த தண்ணீரைப் பங்கிட ஆள் வேண்டாமா?

இன்னும் சில ஊர்களில் நீர்க்கட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசே மாதச் சம்பளம் தர வேண்டும். பாசனச் சங்கத்தில், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்களுக்கு வாக்குரிமையும் வேண்டும்.