உரிக்காமல் முத்தைப் பார்ப்பது

தூத்துக்குடியில் சிலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், சிப்பி அழுகிக் கழுவி முடிந்ததும் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் அளவு பிரிப்பார்கள். முதல்தரமான ஆணிமுத்து எது, தரம் குறைந்த குறுவல் எது என்று சொல்ல அப்போது கருவி கிடையாது. விரலிடுக்கில் உருட்டிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் வியாபாரியின் கண்தான் எல்லாம். மங்கல் முத்தின் மேல்தோலை உரித்துப் பார்ப்பதும் உண்டு. அடியில் நல்ல அடுக்கு இருந்தால் யோகம், இல்லையென்றால் போட்ட காசு போச்சு.

அந்தக் கண் எதைப் பார்த்தது என்பதை 1954இல் சர் சி.வி. ராமன், டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். முத்து, அரை மைக்ரான் அளவு மெல்லிய சுண்ணத் தகடுகளின் அடுக்கு. அடுத்தடுத்த தகடுகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றுகூடிச் சில நிறங்களை ஓங்கச் செய்கின்றன. கூடுவதற்கு அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போக வேண்டும்; அதுதான் ஓரியல்பு. வெயிலில் அது ஏறத்தாழ ஒரு மைக்ரான் தூரத்திலேயே குலையத் தொடங்கிவிடும். அதைவிடப் பன்மடங்கு தடித்த ஜன்னல் கண்ணாடியின் இரு முகங்களிலும் ஒளி திரும்பினாலும் வண்ணம் வராதது அதனால்தான்.

   

1961உடன் சிலாபம் நின்றது. 1973இல் வேப்பலோடையில் கே. அழகர்சாமி தலைமையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டினார்கள். அதன் நடுவில் சிப்பி ஓட்டில் கடைந்த மணி இருக்கும். அதன்மேல் முத்துப்பூச்சு எத்தனை தடிமன் என்பதே இப்போது கேள்வி. மெலிந்த பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அதை உரிக்காமல் அளக்க ஓரியல்பின் பலவீனமே கைகொடுக்கிறது. அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தும் முறையை 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கண் மருத்துவமனைகளில் ஓசிடி ஸ்கேன் என்பார்கள். ஓரியல்பு சில மைக்ரான்களே நீடிக்கும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணாடிக்கும் மற்றதைப் பொருளுக்கும் அனுப்புவார்கள். இரண்டும் கடந்த தூரம் சமமானால் மட்டுமே அவை குறுக்கிடும். எனவே ஒளி எந்த ஆழத்திலிருந்து திரும்பியது என்று தெரிந்துவிடும். விழித்திரைக்கு வந்த இந்த வழியில் முத்தையும் ஆராய்ந்து, பூச்சும் மணியும் சந்திக்கும் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முத்துக்குள் ஒளி சிதறுவதால் அதிக ஆழம் எட்டாது. பெரிய முத்தின் நடுவைப் பார்க்க எக்ஸ்ரேதான்.