பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். வளைகாப்பு முடிந்து மகள் பிறந்தகம் வந்து சேர்ந்த அன்றே பெற்றோரின் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் குடிபுகுந்துவிடுகிறது. பேரப்பிள்ளைக்கு என்னென்ன வாங்குவது? எதை இப்பொழுதே வாங்குவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது? சம்பந்தி வீட்டார் வந்து பார்க்கும்பொழுது குறைவாகத் தோன்றிவிடக் கூடாதே! இந்தக் கடைசிக் கேள்விதான் பல குடும்பங்களில் முதற்கேள்வியாகி, வீட்டிலிருக்கும் ஒரு பவுன் நகையையும் அடகுக் கடைக்கு அனுப்பிவைக்கிறது.

காரைக்குடிப் பக்கத்திலுள்ள நேமத்தான்பட்டியை எண்ணிப் பார்ப்போம். செட்டிநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே அங்கும் முகப்பும் வளவும் பட்டகசாலையுமாக நீண்டு செல்லும் பெரிய வீடுகள் உண்டு. அவற்றின் அருகே கூலி வேலைக்கும் கொத்து வேலைக்கும் செல்வோரின் சிறு வீடுகளும் உண்டு. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளிப் பாலாடையும் வெள்ளிக் கிலுகிலுப்பையும் பர்மாத் தேக்கில் செய்த தொட்டிலும் வந்த காலம் ஒன்றிருந்தது. சிறு வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டியின் பழஞ்சேலைதான் தொட்டில். ஆயினும் முதல் மூன்று மாதங்களில் இவ்விரு பிள்ளைகளின் உடலுக்கும் வேண்டியவை ஒன்றே. பால், கதகதப்பு, உலர்ந்த துணி, கொசு அண்டாத உறக்கம், தூக்குவோரின் சுத்தமான கை: இவற்றுக்கு மேல் ஒரு பச்சிளங்குழவி எதையும் கேட்பதில்லை.

அப்படியானால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பொருள்களுள் எவை உண்மையில் தேவை? இதற்குப் பொதுப்பணத்தைக் கொண்டு விடை காண முயன்ற இரண்டு பெட்டிகளை நாம் திறந்து பார்க்கலாம். முதலாவது நம் தமிழ்நாட்டுப் பெட்டி. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று பரிசுப் பெட்டகம் ஒன்றைத் தமிழக அரசு வழங்கத் தொடங்கியது. அதில் பதினாறு பொருள்கள். துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை ஆகியவை குழந்தைக்கு. கை கழுவும் திரவம் வீட்டாருக்கு. குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் தாய்க்கு. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஒரு பை.

மற்றது பின்லாந்து நாட்டுப் பெட்டி. அந்நாடு இன்றுபோல் செல்வம் கொழித்த நாடாக இல்லாத 1938ஆம் ஆண்டில் ஏழைத் தாய்மாருக்கென்று அது தொடங்கப்பட்டது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அறுபதுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்துபோன காலம் அது. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அப்பெட்டி உரியதாயிற்று. ஆனால் அதைப் பெற ஒரு நிபந்தனை உண்டு: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடியுமுன் தாய் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். துணிமணிகளுக்கு ஆசைப்பட்டாவது தாய் மருத்துவரிடம் வரட்டும் என்று எண்ணியவரின் அறிவை மெச்சாதிருக்க முடியவில்லை! அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு மெத்தை. உள்ளிருக்கும் துணிகளை எடுத்துவிட்டால் அதுவே குழந்தையின் முதற்படுக்கை.

பனிநாட்டுப் பெட்டியில் கம்பளி உடையும், நம் பெட்டியில் கொசுவலையும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இரண்டிலும் ஒரு பொருள் இல்லை. அதுதான் பால்புட்டி. பின்லாந்துப் பெட்டியில் முன்பு இருந்த புட்டியைத் தாய்ப்பாலை ஊக்குவிக்கும் பொருட்டுப் பின்னர் எடுத்துவிட்டனர். தமிழகப் பெட்டகத்தின் பட்டியலிலோ அதற்கு இடமே தரப்படவில்லை. நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் பார்க்க வருவோர் வாங்கிவரும் பரிசுகளில் முதலில் நிற்பது இந்தப் புட்டிதான் என்பதை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகிறது.

இவ்விடத்தில் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குவதும், ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீரும்கூட, தராதிருப்பதுமே நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சித்திரை வெயிலில் குழந்தைக்கு நா வறளுமே என்று பாட்டிமார் பதறுவது இயல்பு. ஆனால் தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே. தாகத்துக்கும் பசிக்கும் அதுவே போதும். வெயில் நாளில் அடிக்கடி பாலூட்டினால் சரி. தண்ணீர் அருந்த வேண்டியவள் தாய்! முதல் மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்த அந்தச் சீம்பாலை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது. தேன் வைப்பதோ ஆபத்து. ஒரு வயதுவரை தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங்குழந்தையின் குடலில் நஞ்சாகப் பெருகித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலுக்கும் இதே பதில்தான். காய்ச்சாத பால் எதுவாயினும் வேண்டாம்.

பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரிகள் தருவதையும் நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. புட்டியையும் ரப்பர் காம்பையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் சுத்தம் செய்ய இயலாத வீட்டில் அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கருவியாகிவிடுகிறது. விலை உயர்ந்த பவுடரை நீட்டித்துக்கொள்ள நீரை அதிகம் கலந்து கொடுத்தால், குழந்தை வயிறு நிறைந்தும் மெலிகிறது. குறைமாதக் குழந்தைக்கோ, உறிஞ்ச இயலாத குழந்தைக்கோ மருத்துவர் சொன்னால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். நம் முன்னோர் கண்ட இந்தப் பாலாடை, காம்பும் மூடியும் இல்லாததால் கழுவ எளிது. வெள்ளியாக இருக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் பாலாடை ஒன்று போதும். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும்.

இனி, துணிகள். முதன்முதலில் பிள்ளைக்குப் பழந்துணியையே உடுத்த வேண்டும் என்று நம் பெரியோர் வகுத்தது வெறும் சம்பிரதாயமன்று. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் சாயமும் போயிருக்கும், மென்மை வந்திருக்கும். இப்பகுதியின் கண்டாங்கிச் சேலை புதிதில் சற்றுக் கனமானது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அச்சேலை, ஆண்டுக்கணக்கில் உடுத்திப் பழகியபின் குழந்தையைப் பொதிய ஏற்ற துணியாகிவிடும். வேட்டிப் பழந்துணியையும் அவ்வாறே சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை முதல் வாரத்துக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். பல குழந்தைகள் பத்து, பன்னிரண்டு முறையும் நனைக்கும். ஆதலால் இடுப்புத்துணி இரண்டு டஜன் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பிறக்கும் பிள்ளைக்கு மூன்று டஜன் வைத்துக்கொள்வது நல்லது. துணி காயாத நாள்களில்தான் அதன் அருமை தெரியும். முன்புறம் திறந்து நாடாவால் கட்டும் பருத்தி ஜப்லா ஆறு போதும். அதற்குமேல் வாங்கினால் இரண்டாம் மாதத்தில் அவை சிறிதாகிப்போகும். பொதிவதற்கு நான்கு துணி, துண்டு இரண்டு, குல்லாய் இரண்டு, ரப்பர் ஷீட் இரண்டு. ஊக்கு வேண்டாம். சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த உடை புகைப்படத்துக்கு அழகு. குழந்தையின் தோலுக்கோ உறுத்தல்.

கடையில் விற்கும் டயபரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரயாணத்துக்கும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்கும், தாய் அசந்து உறங்க வேண்டிய இரவுக்கும் அது உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. கோடையில் ஊருணி வற்றித் தண்ணீருக்கு அலையும் வீட்டில் துணி துவைப்பதும் எளிதன்று. ஆனால் பகல் முழுதும் கட்டிவைத்தால் இடுப்பு வெந்து சிவந்துவிடும். மூன்று, நான்கு மணிக்கொருமுறை மாற்றுவதென்றால் மாதச் செலவு கூலிக் குடும்பத்துக்குத் தாங்காது. பயன்படுத்தியதை ஊருணிக் கரையில் எறியும் பழக்கமோ எவ்வகையிலும் தகாது.

படுக்கைக்கு மெத்தென்ற பஞ்சணை வேண்டாம். தரையில் விரித்த உறுதியான சிறு மெத்தையில், தாயின் அருகே, மல்லாந்து படுக்க வைப்பதே பாதுகாப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மார்கழியில் சில்லிடும்; கீழே பாயும் கம்பளமும் விரித்துக்கொள்க. தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணையை இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. முதல் ஆண்டில் தலையணையே தேவையில்லை என்கின்றனர். சேலைத் தூளியை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். தாலாட்டும் தூளியும் இல்லாத தமிழ் வீடு ஏது? ஆனால் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது மோவாய் மார்பில் அழுந்தினாலும், துணி முகத்தை மூடினாலும் மூச்சு தடைப்படும். ஆதலால் தொட்டிற்கம்பு வைத்து வாயை விரித்துக் கட்டுக. பெரியவர் ஒருவர் அருகிலிருக்கும் பொழுது மட்டும் அதில் இடுக. உறங்கியபின் எடுத்துத் தரைப் படுக்கைக்கு மாற்றுக. உத்திரத்துக் கொக்கியையும் கயிற்றையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குடைபோல் விரியும் கொசுவலை ஒன்று கட்டாயம் வேண்டும். கொசுவர்த்திப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது. குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையும் அப்படியே.

குளியல் பொருள்களில் கூடைநிறைய வாங்கிக் குவிப்பவை பெரும்பாலும் வீண். பிறந்து 24 மணி நேரமாவது கழித்தே குளிப்பாட்ட வேண்டும். அதன்பின் இளஞ்சூடான நீரும், மணம் குறைந்த சோப்பும், உடம்புக்குத் தடவச் சிறிது தேங்காய் எண்ணெயும் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாய்க்குள் விரலைவிட்டுச் சளி எடுப்பதும் வேண்டாம். பவுடர் தூள் மூச்சோடு உள்ளே போகும். கண் மையில் ஈயம் கலந்திருக்கக் கூடும். பொட்டு வைத்தே தீரவேண்டுமென்றால் உள்ளங்காலில் ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். வசம்பை மணியாகக் கோத்துக் கையில் கட்டுவதுண்டு. அது குழந்தையின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்க, உரைத்துப் புகட்டாதீர்கள். தொப்புள் கொடியில் மஞ்சளோ சாம்பலோ வைக்காமல் உலரவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும். கழுத்தில் கயிறோ சங்கிலியோ அணிவிக்காதீர்கள்.

எந்தக் கடைப் பட்டியலிலும் காணாத ஒருத்தி இருக்கிறாள்: தாய். அரசுப் பெட்டகம் அவளுக்கென்று சோப்பும் லேகியமும் வைத்தது மிகவும் பாராட்டத்தக்கது. பாலூட்ட வசதியாக முன்புறம் திறக்கும் உடைகள், மாதவிலக்குத் துணிக்கு மாற்றான பஞ்சுப் பட்டைகள், பேறுகாலத்துக்குப் பின்னும் ஆறு மாதம் உண்ண வேண்டிய இரும்புச்சத்து மாத்திரைகள்: இவையும் பிள்ளைக்கான செலவே. சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் நல்லவை. பத்தியம் என்ற பெயரால் கீரையையும் பழத்தையும் தண்ணீரையும் மறுப்பதுதான் தீது. வெள்ளிக் கொலுசுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவளது முட்டைக்கும் பாலுக்கும் ஒதுக்கினால், அதன் பயனை இருவர் பெறுவர். வெப்பமானி ஒன்றும் வீட்டிலிருக்கட்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

சீர் கொண்டுவரும் உறவினருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். திருமுழுக்குக்கு வெண்ணிற ஆடை வேண்டும். அது எளிய பருத்தியாக இருந்தால் பின்னர் உடுத்தவும் உதவும். வலைத்துணியும் முத்தும் தைத்த விலையுயர்ந்த கவுன் ஒருமுறைதான் வெளியே வரும். ஞானத்தாய் ஓர் ஆடையை வாடகைக்கு எடுக்கும் பணத்தில் இரண்டு டஜன் இடுப்புத்துணி வந்துவிடும்! வீட்டில் மூத்த பிள்ளையின் ஆடை இருந்தால் அதையே அணிவிப்பதில் குறையொன்றுமில்லை. ஐந்தாறு மாதத்தில் உட்காரவைத்து உருட்டும் சக்கர வாக்கரைத் தயைகூர்ந்து வாங்காதீர்கள். விபத்துகள் மிகுந்ததால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு. அதற்கும் காலம் இருக்கிறது.

சேர்த்த துணிகளை வைக்கப் பிளாஸ்டிக் பெட்டி தேவையில்லை. செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் ஒன்றில் மடித்து வைத்தால் காற்றோட்டமாயிருக்கும். அதனருகே ஓர் உறையில் காகிதங்களை வையுங்கள். தாய்சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவின்போது கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்த எண், தடுப்பூசி அட்டை ஆகியவை தொலைந்தால் அலைச்சல் பெரிது. பிறந்தவுடன் போடும் ஊசிகளுக்குப்பின் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தவறாது செல்ல வேண்டும். 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யக் கட்டணமில்லை. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கும்பொழுது பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதிய பெயரும், சான்றிதழில் எழுதும் பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒன்றாயிருக்கின்றனவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.