பழைய கணக்குப் பெட்டியில் பேரனின் பந்தாட்டம்

கம்ப்யூட்டரைப் பற்றி எழுத நான் படித்தவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு சரி. பாத்திரக் கடையில் உட்கார்ந்துகொண்டே கையில் கிடைத்ததைப் படித்துப் பழகியவன். ஆனால் பழைய சாமானைத் தட்டிப் பார்த்து, இதில் எது உருப்படி, எது ஓட்டை என்று சொல்வது நாற்பது வருஷத் தொழில். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கட்டுரை.

சென்ற 2025 ஏப்ரலில் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. பத்தாவது முடித்த பேரனுக்கு 'கேமிங்' கம்ப்யூட்டர் வேணுமாம். மகன் விசாரித்துவிட்டு வந்தான். எழுபத்தையாயிரம் ரூபாய், தவணையில் தருகிறார்களாம். வட்டிக்குக் கடன் வாங்கி விளையாட்டுச் சாமான் வாங்குவதா என்று நான் மறுத்தேன். பேரன் முகம் தொங்கிப் போயிற்று. பிறகுதான் மருமகள் மெல்லச் சொன்னாள்: "மாமா, அவன் ஆசைப்படறது வந்தவாசியில இருக்கிற உங்க தங்கச்சி பேரனோட சேர்ந்து விளையாடத்தான். போன்லயே ஏதோ விளையாடிட்டு மணிக்கணக்கா பேசறாங்க. இவன் வாயில தமிழ் வர்றது அப்ப மட்டுந்தான்."

இந்த மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வெளியில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் இங்கிலீஷ். நம்மிடம்கூட 'ஆமா', 'இல்ல' தவிர மற்றதெல்லாம் இந்திதான். அவன் தமிழில் வாக்குவாதம் செய்கிறான் என்றால், அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கடையில் 2014 கடைசியில் அசெம்பிள் செய்து வாங்கி, பத்து வருஷம் டாலி கணக்கு எழுதிய பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. "முதலில் அதை இறக்கு. பார்க்கலாம்" என்றேன்.

விளையாட்டு என்னவென்றும் கேட்டேன். சுட்டுக் கொல்லும் ஆட்டம் எங்கள் வீட்டில் ஆகாது. அதை அவனே அறிவான். அவன் கேட்டது 'ராக்கெட் லீக்'. கார்களை ஓட்டிக்கொண்டு பெரிய பந்தைக் கோலுக்குள் தள்ளும் ஆட்டம். 2015-ல் வந்தது, 2020 செப்டம்பர் முதல் இலவசம். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் எந்த ஆட்டம் என்று தெரியாமல் பெட்டியைத் திருத்தப் போவது, அளவு தெரியாமல் மூடி வாங்கப் போவது மாதிரி. 2024-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்', 2025-ல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற ஆட்டங்களுக்கு ஒளிக்கதிர் கணக்கிடும் 'ரே ட்ரேசிங்' வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும். அவற்றை ஆட நினைப்பவர் பழைய பெட்டிக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்க முடியாது. கார் பந்தாட்டம், 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ. 5' காலத்து ஆட்டங்கள் என்றால் தாராளமாக முடியும்.

இனிப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கடையாக நினைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் என்பது கணக்குப்பிள்ளை. ரேம் அவர் முன்னால் இருக்கிற மேசை. ஹார்ட் டிஸ்க் பின்கட்டுக் கிடங்கு. கிராஃபிக்ஸ் கார்டு, கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்லப் படம் எழுதிக்கொண்டே இருக்கிற ஓவியர், நொடிக்கு அறுபது படம். எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்பெட்டி இவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு போடும் சமையற்கட்டு. இதில் யார் மெதுவோ அவர் வேகம்தான் மொத்தக் கடையின் வேகம். பெரிய ஓவியரைக் கூட்டி வந்து உட்கார வைத்து, கணக்குப்பிள்ளை மந்தமாக இருந்தால், ஓவியர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். காசு வீண்.

எங்கள் பெட்டியில் இருந்த சரக்கு: இன்டெல் ஐ5-4590 பிராசஸர், நான்கு கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ். எச் 81 மதர்போர்டு. 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம், ஒரே துண்டு. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்.டி. 4600 என்ற சின்ன ஓவியர்தான். கணக்கு எழுத ஐ5 அன்று அதிகம்தான். கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கூடுதல் காசு கொடுத்தேன் என்று பல வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வீண்செலவுதான் இப்போது கைகொடுத்தது.

பெயரும் எண்ணும் தெரியாதவர்கள் 'சி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எல்லாம் காட்டிவிடும். இன்டெல் என்றால் ஐ5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தின் முதல் எண் தலைமுறை. 4590 என்றால் நான்காம் தலைமுறை. இந்த நான்காம் தலைமுறை 2013-ல் வந்தது. அதில்தான் ஏ.வி.எக்ஸ்.2 என்ற கணக்குமுறை சேர்ந்தது. புதிய ஆட்டங்கள் சில அது இல்லாமல் திறக்கவே மாட்டா. ஆகவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பெட்டியில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம், கார்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அதற்கும் முந்திய 'கோர் 2 டுயோ' காலத்துப் பெட்டி என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

யார் மெது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். எங்கள் பெட்டியில் டிஸ்க் நூறு சதவிகிதத்தில் நின்றது, மெமரியும் நிரம்பி வழிந்தது. மேசை சிறிசு, அதனால் கணக்குப்பிள்ளை நொடிக்கொரு தரம் கிடங்குக்கு ஓடிக்கொண்டிருந்தார். இன்னொரு சோதனையும் உண்டு. ஆட்டத்தின் அமைப்பில் படத்தின் அளவை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். படவேகம் கூடினால் கார்டுதான் திணறுகிறது. குறைத்தும் அசையவில்லை என்றால் பிராசஸர்தான் திணறுகிறது, புதுக் கார்டு வாங்கிப் பயனில்லை.

முதல் செலவு எஸ்.எஸ்.டி. சுற்றுகிற தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க், ஒரு துண்டு விவரத்தைத் தேடி எடுக்கச் சுமார் பத்து மில்லி நொடி எடுக்கும். எஸ்.எஸ்.டி.யில் தட்டே கிடையாது, அதில் பத்தில் ஒரு மில்லி நொடி. பழைய போர்டில் 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி. போதும். நொடிக்கு சுமார் 550 மெகாபைட் வரை கொடுக்கும். வெற்றிலை மாதிரி இருக்கும் 'என்.வி.எம்.இ.' வகை இன்னும் வேகம் என்று கடையில் சொல்வார்கள். எங்கள் போர்டு போன்ற பழைய போர்டில் அதற்கு இடமே இல்லை. இரண்டாவது, ரேம். ஒரே 16 ஜி.பி. துண்டு தேடாமல் 8-ம் 8-மாக இரண்டு துண்டு போட வேண்டும். இரண்டு வழியாகப் போக்குவரத்து நடக்கும். டி.டி.ஆர்.4 துண்டு டி.டி.ஆர்.3 குழியில் உட்காராது, பள்ளம் வேறிடத்தில் இருக்கும். அழுத்தி உட்கார வைக்காதீர்கள்.

இப்போது சமையற்கட்டுக்கு வருகிறேன். இதில்தான் எங்கள் குடும்பம் ஒருமுறை சுட்டுக்கொண்டது. 2021-ல் என் இளைய மகன் வேறொரு பெட்டியில் பழைய கார்டு ஒன்றை மாட்டினான். மின்பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவில் கருகிய வாடை. மின்பெட்டி போய், கூடவே மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. வாங்கின கடையில் போய்க் கேட்டால், "பில் இருக்கா?" என்றார்கள். பில் ஏது!

பிறகு அந்தக் கருகிய பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே 14 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். 450 என்பது பெயருக்குத்தான், உள்ளே சோறு இவ்வளவுதான். பாத்திரக்காரன் நான், கனம் பார்த்து வாங்கத் தெரிந்தவன், இதில் ஏமாந்தேன். ஆகவே வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். '80 பிளஸ்' முத்திரை உள்ள நல்ல 450 வாட் பெட்டி இருந்தால் கவலையில்லை. பெரிய கம்பெனிகள் ஆபீஸ்களுக்கென்று செய்த பெட்டி உங்களிடம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அவற்றில் பலவற்றின் மின் இணைப்பு முனை வேறு மாதிரி இருக்கும், கடைப் பெட்டி நேரே பொருந்தாது. திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

கார்டுக்கு வருவோம். மதர்போர்டின் குழி வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மின்பெட்டியிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். எங்கள் பிராசஸர் 84 வாட், கார்டு 75, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு நாற்பது. மொத்தம் இருநூறுக்குள் அடங்கும்படி பார்த்தோம். அப்படித் தேறியது என்விடியா 'ஜி.டி.எக்ஸ். 1650', 4 ஜி.பி., 2019-ல் வந்தது. அதில் பல மாடல்களுக்குத் தனி ஒயர் வேண்டாம். அதைவிட மலிவாக 2016-ன் '1050 டி.ஐ.' கிடைக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஆட்டங்களுக்கான புது டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 1650 அதற்கு அடுத்த தலைமுறை. ஏ.எம்.டி.யின் 'ஆர்.எக்ஸ். 580' எட்டு ஜி.பி.யோடு மலிவாக வரும். ஆனால் 185 வாட் தின்னும். அதே ஏ.எம்.டி.யின் 'ஆர்.எக்ஸ். 6400' கொஞ்சமாகத்தான் தின்னும், ஆனால் அது நாலே தடத்தில் போர்டோடு பேசுகிற கார்டு. எச் 81 போன்ற பழைய போர்டில் தடத்தின் வேகமும் குறைவு. ஆகவே ஓட்டம் தடைபடும். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

லாமிங்டன் ரோட்டுக்கு நானும் பேரனும் போனோம். பழைய கார்டு வாங்குவது பழைய பித்தளை வாங்குவது போலத்தான், உரசிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் 'மைனிங்' முறையை விட்டுவிட்டது. அதுவரை இரவுபகல் உழைத்த கார்டுகள் அதன்பின் சந்தைக்கு வந்து கொட்டின. அதைவிட மோசம் போலி. ஜி.டி.எஸ். 450, ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. போன்ற பழைய கார்டுகளுக்குள் பெயரை மட்டும் மாற்றி எழுதி 1050 டி.ஐ. என்று விற்பவர்கள் உண்டு. 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருள் இந்தத் திருட்டைக் காட்டிக்கொடுக்கும். பென் டிரைவில் அதையும், கார்டை முழுவேகத்தில் ஓட்டும் 'ஃபர்மார்க்'கையும் எடுத்துப் போனோம். முதல் கடைக்காரர் ஓட்டிக் காட்ட மறுத்தார். வந்த வழியே திரும்பினோம். மூன்றாம் கடையில் பதினைந்து நிமிஷம் ஓட விட்டோம். விசிறி சத்தம் சீராக இருந்தது, படத்தில் புள்ளியோ கோடோ இல்லை. பில்லோடு 6,800 ரூபாய். பேரம் பேசினது பேரன். மராத்தியில்தான்! அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது.

பழைய மானிட்டரையே வைத்துக்கொண்டோம். அதில் 1366-க்கு 768 புள்ளி, சுமார் பத்தரை லட்சம். இன்றைய 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கு மேல். ஓவியருக்குப் பாதி வேலை மிச்சம். ஒன்று மட்டும் மறந்துபோனோம். பழைய மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. முனைதான், புதுக் கார்டில் அந்தக் குழியே இல்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும், உள்ளே சில்லு வைத்த சின்ன ஒயருக்காக மறுநாள் மறுபடி ரயில் ஏறினோம்.

மாட்டும்போது மின்சாரத்தைப் பிடுங்கி, ஆன் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகே கை வைத்தோம். பத்து வருஷத் தூசு ஒரு முறம் வந்தது. பிராசஸர் மேலிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதுப்பசை பட்டாணி அளவு வைத்தோம். தேதி காட்டும் சி.ஆர்.2032 பேட்டரியும் மாற்றினோம். போர்டு மாறாததால் பழைய விண்டோஸ் உரிமமும் அப்படியே செல்லுபடியானது.

கணக்கு: எஸ்.எஸ்.டி. 480 ஜி.பி. 2,600, பழைய ரேம் இரண்டு 1,400, கார்டு 6,800, மின்பெட்டி 2,700, பசை 150, மானிட்டர் ஒயர் 250, பேட்டரி 30. ஆக 13,930 ரூபாய். இது 2025 மே மாத விலை. அவ்வாண்டின் கடைசியில் மெமரி விலை மேலே போய்விட்டது. வாங்கும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிராசஸரை மாற்றவில்லை. அதே 1150 குழியில் ஐ7-4790 உட்காரும், எட்டு இழையில் வேலை செய்யும். பந்தாட்டத்துக்குத் தேவைப்படவில்லை. மானிட்டர் காட்டக்கூடிய நொடிக்கு அறுபது படம் இப்போதே தடையின்றி வருகிறது. எங்கள் வீட்டில் பொழுது சாயும் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். ஏழு மணிக்கு வந்தவாசிப் பையன் வந்துவிடுகிறான். "டேய், பந்த வுடுடா, நான் பாத்துக்கறேன்!" என்று இங்கிருந்து கேட்கிற குரலில் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கிறது. சனி ஞாயிறு ஒன்றரை மணி, மற்ற நாள் முக்கால் மணி என்று பேசி வைத்திருக்கிறோம்.

பாக்கி இருப்பது விண்டோஸ் விவகாரம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. எங்கள் நான்காம் தலைமுறைக்கு இடமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அறிவித்தார்கள். அதில் பதிந்து வைத்தோம். 'வேலரன்ட்' போன்று காவல் மென்பொருள் வைத்த சில ஆட்டங்கள் லினக்ஸில் ஓடா. மற்றப் பலவற்றை 'ஸ்டீம்' கடையின் 'புரோட்டான்' ஓட்டிவிடுகிறது. அதைப் பேரன் இன்னொரு பழைய டிஸ்க்கில் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். பாங்க் வேலை எதுவும் இந்தப் பெட்டியில் கிடையாது. கடைக் கணக்கு இருந்த அந்த 500 ஜி.பி. டிஸ்க்கைக் கழற்றி, வருஷம் எழுதி ஒட்டி, பழைய பேரேடுகளோடு பீரோவில் வைத்துவிட்டேன்.